நூறு ரூபாய்க்கு ஓர் அனுமதி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். உன் வயிற்று வலி என்ன ஆயிற்று? நிதித்துறையில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் வேளைக்குச் சாப்பிடுவதைக் கோட்டை விட்டுவிடாதே. போனில் பேசினால் பாதிப் பேச்சு தையல் மெஷின் சத்தத்தில் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

ஒரு நல்ல சேதி. என் வாலுப் பெண்ணுக்கு ஆறரை வயது ஆகிறது, இனி வீட்டில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளி கடற்கரைப் பட்டணத்தில்தான் இருக்கிறது, அதுவும் விடுதி. ஏழு வயது முடிந்துவிட்டால் அங்கேயும் சேர்க்க மாட்டார்கள். ரயிலில் ஒரு பகல், ஓர் இரவு. என் முகத்தைப் பார்த்துத்தான் பசி, தூக்கம் எல்லாம் சொல்லத் தெரியும் அவளுக்கு. அங்கே யார் முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போயிற்று.

இப்போது நம் ஊர்ப் பள்ளியிலேயே அப்படி ஒரு வகுப்பு வரப்போகிறதாம். பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள். இரண்டு ஆசிரியர்கள், காதில் மாட்டும் கருவிகள் எல்லாம் வருமாம். இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன், சுவரைத் தொட்டால் கையில் சுண்ணாம்பு ஒட்டியது. உன் அத்தான் அன்றைக்கு பஸ்ஸில் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தாராம். அவர் சிரித்ததைப் பார்த்து டிரைவர் பயந்துவிட்டாராம்.

வாலு உன்னைக் கேட்கிறாள். விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக் காட்டினால் நீ என்று அர்த்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

---

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு சமர்த்தாக இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். வாலுவுக்கு நம் ஊரிலேயே வகுப்பு என்று படித்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

என் வேலை என்ன என்று போனில் கேட்டிருந்தாயே. வருட ஆரம்பத்தில் பட்ஜெட் போடுகிறார்கள் அல்லவா, அதில் சட்டமன்றம் ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டுமென்றாலும் அரசு மறுபடி மன்றத்திடம் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவுப் பட்டியல் தயாராகும் மேசைகளில் ஒன்று என்னுடையது. அக்கா, நான் அரசு என்றால் யாரையும் கேட்காத ஒன்று என்றல்லவா நினைத்திருந்தேன்! இங்கே வந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு மருந்து போதவில்லை என்றாலும் கேட்க வேண்டும், இடிந்த பாலத்துக்கும் கேட்க வேண்டும். ஒரு மாகாணமே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது.

உன் தம்பி வந்த மூன்றாவது வாரத்திலேயே ஒரு மீனைப் பிடித்துவிட்டான். கல்வித்துறைக்குச் சீருடைத் திட்டத்தில் பணம் மிச்சமாம். அதை எடுத்து மூன்று பள்ளிகளில் 'கருவிகளுடன் கூடிய சிறப்புப் பிரிவுகள்' தொடங்கக் கிளம்பிவிட்டார்கள். பணம்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் மன்றத்தை யாரும் கேட்கவில்லை. பட்ஜெட்டில் இல்லாத புது வேலை என்றால் பணம் இருந்தாலும் மன்றத்தைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. "இது புதிய பணி. மன்றத்தின் ஒப்புதலின்றி மிச்சத்தொகையைச் செலவிட இயலாது. திருப்பி அனுப்பப்படுகிறது" என்று மூன்றே வரி எழுதித் தள்ளிவிட்டேன். எங்கள் மேலதிகாரி அம்மா, யார் தொகை கேட்டாலும் வெட்டுவதால் கத்தரி என்று பெயர், அவர்களே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு எனக்கு நடை கொஞ்சம் மாறித்தான் போயிற்று.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
தம்பி

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது. சீருடை தைக்கும் நேரம், தலைக்கு மேல் வேலை.

வகுப்பு கொஞ்சம் தள்ளிப்போகிறதாம்.

நீ ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தாயே, அப்படித் திரும்பிப் போனதெல்லாம் பிறகு என்ன ஆகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேறு விசேஷமில்லை.
அக்கா

---

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. கை வலிக்கும்வரை தைக்காதே. வகுப்பைப் பற்றிக் கவலைப்படாதே, அரசு வேலை என்றால் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும்.

திரும்பிப் போன கோப்பா? அந்தத் துறைக்கு அக்கறை இருந்தால் அடுத்த பட்ஜெட்டில் வரும். இல்லாவிட்டால் அலமாரியில் தூங்கும். அதை விடு. போன வாரம் எங்கள் முதல் பட்டியலை மன்றம் ஒப்புக்கொண்டது! பழுப்பு அட்டை போட்ட புத்தகம். நான் சரிபார்த்த பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு வரி, ஒரு தொகை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு மலைப்பாதையில் தார் ஊற்றப் போகிறார்கள் என்பதை என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

வாலுவுக்குப் புது சைகை ஏதாவது வந்ததா, எழுது.
தம்பி

---

நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்கள் பக்கம் வெள்ளம் என்றார்களே, உன் அறைக்குள் தண்ணீர் வரவில்லையே?

பட்டணத்துப் பள்ளி விடுதிக்கு விண்ணப்பம் போடுகிறோம். ஓர் அரசு ஊழியர் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு உன்னை விட்டால் யாரைத் தெரியும்? படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். மற்றதெல்லாம் பெரிய டீச்சர் பூர்த்தி செய்துவிட்டார்கள். நீ படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்கா

---

நவம்பர் 9

அக்கா,

நலமா என்று கேட்கும் முகம் எனக்கில்லை.

கையெழுத்துப் போடும் முன் படித்துவிட்டேன். "குழந்தையின் ஊரில் இவ்வசதி இல்லாததற்குக் காரணம்" என்ற இடத்தில் பெரிய டீச்சர் எழுதியிருக்கிறார்கள்: "எமது பள்ளியில் தொடங்கவிருந்த செவித்திறன் பிரிவு நிதித்துறையால் திருப்பி அனுப்பப்பட்டது." கீழே கடித எண்ணும் தேதியும். அது நான் அந்த மூன்று வரி எழுதிய நாள்.

பதிவறைக்கு ஓடி நகலை எடுத்தேன். மேல் தாளில் 'சிறப்புப் பிரிவுகள், மூன்று பள்ளிகள்' என்றுதான் இருக்கிறது. பின்னால் இணைப்பு என்று ஒரு தாள். நான் அதைப் புரட்டவே இல்லை அக்கா. தலைப்பும் தொகையும் பார்த்தேன், போதும் என்று நினைத்துவிட்டேன். இணைப்பில் இரண்டாவதாக நம் ஊர் இருக்கிறது. அதற்கு நேராக 'செவித்திறன் குறைந்த குழந்தைகள்' என்று தட்டச்சு செய்திருக்கிறது.

நேரே கத்தரி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மகள் என்பதையும் சொன்னேன். அவர்கள் கோப்பை நிதானமாகப் படித்தார்கள்.

"நீங்க எழுதினதுல ஒரு எழுத்தும் தப்பில்ல," என்றார்கள். "இன்னைக்கு வந்தாலும் நான் இதையேதான் எழுதுவேன். ஆனா இன்னொரு வரி சேர்த்திருப்பேன்."

"என்ன வரிங்கம்மா?"

"எப்படிக் கேக்கணும்ங்கற வரி. முடியாதுன்னு சொல்ற மேசை, எப்படி முடியும்னும் சொல்லணும். பணம் மிச்சம் இருக்குல்ல? அப்ப நூறு ரூபாய் மட்டும் கேட்டுப் பட்டியல்ல போடச் சொல்லியிருக்கலாம். மன்றம் அந்த நூறுக்கு சரின்னு சொன்னா, வேலைக்கே சரின்னு சொன்ன மாதிரி. செப்டம்பர்லயே முடிஞ்சிருக்கும். நானும் அதைக் கேக்காம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு."

ஒரே ஒரு வரி அக்கா. அதை நான் எழுதாததால் உன் பிள்ளை ரயில் ஏற வேண்டுமா? என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. கையெழுத்துப் போட்ட படிவம் உள்ளே இருக்கிறது.

தம்பி

---

நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

எனக்கு ஜூலையிலேயே தெரியும். பெரிய டீச்சர் திரும்பி வந்த கடிதத்தைக் காட்டினார்கள், அதில் மூன்று வரி. இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது, அதில் அதே மூன்று வரி. நீ மீனைப் பிடித்த கதையை உன் அத்தானுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அன்றைக்கு உன் மேல் வந்த கோபத்தில் ஒருவருடைய சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து பிரித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தையல்காரி நான். துணி கொடுத்தவருக்குச் சட்டை தைத்தபின் முக்கால் முழம் மிஞ்சினால், அதில் எவ்வளவு அழகான பை தைக்க முடிந்தாலும், அவரைக் கேட்காமல் தைக்க மாட்டேன். மிச்சத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிடுவேன். நீ எழுதியது அதுதான் என்று பிரிக்கும்போது புரிந்தது. சரியாகச் செய்தவனிடம் போய் என் பிள்ளைக்காகத் தப்பாகச் செய் என்று எப்படிக் கேட்பேன்? சொல்லியிருந்தால் நீயும் செய்தாலும் செய்திருப்பாய். அந்தப் பயம்தான்.

இன்னொரு வரி உண்டு என்பது எனக்கும் தெரியாமல் போயிற்றே. அதை நினைத்தால்தான் ஆற மாட்டேன் என்கிறது மனசு. இனிமேலாவது கேட்க முடியுமா?

அக்கா

---

டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீங்கள் எல்லோரும் நலந்தானே?

முடியும். கல்வித்துறைக்குக் கத்தரி அம்மாவே வழி சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அந்தத் துறையும் நூறு ரூபாய் கேட்டு மறுபடி அனுப்பியிருக்கிறது. அந்தக் கோப்பை நான் தொடக் கூடாது என்று பக்கத்து மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அது நியாயம்தான். அவர் ஒரு கோப்பை மூன்று தடவை படிக்கும் ஆள். நான் எதிரே உட்கார்ந்து அவர் பக்கம் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளத்தன்று என்ன நடந்தது தெரியுமா? அவசர நிதி என்று ஒன்று உண்டு. மன்றம் கூடும்வரை உயிர்கள் காத்திருக்காது என்று அதிலிருந்து அன்றைக்கே எடுத்துப் படகும் உணவும் அனுப்பினார்கள். அப்படி எடுத்ததையும் இப்போது பட்டியலில் எழுதி, எடுத்தோம், இதற்காக எடுத்தோம் என்று மன்றத்திடம் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் திருப்பி வைக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியதற்கும் கணக்குச் சொல்கிறார்கள் அக்கா! நமக்கும் அந்த நிதியில் எடுக்க முடியாதா என்று கேட்டுவிட்டேன். "முன்கூட்டியே தெரிஞ்ச தேவை அது. தெரிஞ்சும் நாமதான் விட்டோம். வெள்ளத்துக்கு வெச்சதுல கை வெக்கக் கூடாது," என்றார்கள் அம்மா.

பட்டியல் அச்சுக்குப் போயிற்று. வெள்ள நிவாரணத்துக்கு முந்நூறு கோடி, அதற்கு அடுத்த பக்கத்தில் நூறு ரூபாய். மன்றம் ஜனவரிக் கடைசியில் கூடும்.

தம்பி

---

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. பிப்ரவரி ஐந்தாம் தேதிக்குள் கொண்டுவந்து விட வேண்டுமாம், இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். பத்தாம் தேதி அவளுக்கு ஏழு முடிகிறது. அப்புறம் எந்த விடுதியும் இல்லை.

கொண்டு வரும் துணி எல்லாவற்றிலும் எண் தைத்திருக்க வேண்டுமாம். நாற்பத்தாறு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கிற கைதான், என் பிள்ளை பாவாடையில் நாற்பத்தாறு என்று தைக்க வரவில்லை. ஊசி இரண்டு தடவை உடைந்தது. அவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். எதற்கென்று கையைத் திருப்பிக் கேட்கிறாள். எனக்கு அதற்குச் சைகை தெரியவில்லை தம்பி.

மன்றம் என்றைக்கு? அன்றைக்கே பணம் வந்துவிடுமா?

அக்கா

---

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மன்றக் கட்டடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரி என்றுவிட்டார்கள்.

அமைச்சருக்கு ஏதாவது விவரம் தேவைப்பட்டால் சீட்டெழுதி அனுப்ப அதிகாரிகளுக்கு ஓரத்தில் இடம் உண்டு. பக்கத்து மேசைக்காரர் சீட்டோடு முன்னால் இருந்தார். என்னைப் பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், கையில் பேனாகூட இல்லை. காலையிலிருந்து கோரிக்கை கோரிக்கையாகப் போயிற்று. வெள்ளத்துக்கு ஒரு மணி நேரம் சண்டை. கல்வி வருவதற்குள் நாலரை மணி ஆகிவிட்டது, ஐந்துக்கு அவை முடிந்துவிடும்.

அப்போது எதிர்க்கட்சியில் ஒருவர் எழுந்தார். எதற்கெடுத்தாலும் மேசையைத் தட்டுகிற ஆள். பழுப்புப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நூறு ரூபாய்? இந்த அரசாங்கத்துக்கு நூறு ரூபாய்க்குக் கூடவா வழியில்ல?" என்றார். அவை முழுக்கச் சிரித்தது.

சீட்டு முன்னால் போயிற்று. அமைச்சர் படித்துவிட்டு, "பணம் இருக்கு. மூணு ஊர்ல காது கேக்காத பிள்ளைங்களுக்கு வகுப்பு தொடங்கணும். புதுசா ஒரு காரியம், அதனால உங்களையெல்லாம் கேக்கறோம். நூறு ரூபாய் அதுக்குத்தான்," என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது அக்கா. மேசையைத் தட்டுகிறவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். "எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார். இதுவரை யாரும் எண்ணியதில்லை, வகுப்பு தொடங்கினால்தான் தெரியும் என்றார் அமைச்சர். "சரி, தொடங்குங்க," என்று சொல்லிவிட்டு எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அவைத் தலைவர் ஏற்போரைக் கேட்டார். இரண்டு பக்கமும் சேர்ந்து "ஆம்" என்றார்கள். கூரை அதிர்ந்தது என்றால் நம்புவாயா? மறுப்போரைக் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாலுவின் முகத்தைக்கூடப் பார்த்திராத இருநூறு பேர் அக்கா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமாகவும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இன்றைக்கே எதுவும் வராது. மசோதா நிறைவேற வேண்டும், ஆளுநர் கையெழுத்திட வேண்டும், ஆணை வர வேண்டும், ஆசிரியர்கள் வந்து சேர வேண்டும். மார்ச் ஆகலாம். விடுதிக்குக் கெடு ஐந்தாம் தேதி. அந்த இடத்தை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விடாதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு தடவை அவசரப்பட்டு எழுதியவன் நான்.

தம்பி

---

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ஜூலைக் கடிதத்தையும் படித்துக் காட்டிவிட்டேன். "அத்தனை பேர் ஆம்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்லல. நாம மட்டும் நம்பாம ரயில் ஏத்தினா நல்லாவா இருக்கும்?" என்றார்.

விடுதிக்கு எழுதிவிட்டோம், இடம் வேண்டாம் என்று. துணிகளில் எப்படியோ தைத்து முடித்த எண்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

---

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நிஜமாகவே நலம், இந்தத் தடவை பொய் இல்லை. ஆணை வெளிவந்ததென்று நீ எழுதிய அட்டை கிடைத்த மறுவாரமே இரண்டு ஆசிரியர்களும் வந்துவிட்டார்கள்.

நேற்று வகுப்பு தொடங்கியது. வாலு ஒருத்திதான் இருப்பாள், மிஞ்சினால் இன்னும் இரண்டு பேர் என்று நினைத்துப் போனேன். பதினோரு பிள்ளைகள்! எங்கே இருந்தார்கள் இத்தனை நாள்? கடைத்தெருவில், பஸ்ஸில், நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லையே. ஒரு பையன் வந்ததிலிருந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான். வாலு போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆசிரியை அவள் காதில் கருவியை மாட்டிவிட்டு ஏதோ பேசினார். வாலு சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரோ வந்துவிட்டார்கள் என்று. மறுபடி பேசினார். மறுபடி திரும்பினாள். மூன்றாம் தடவை ஆசிரியையின் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

தாய்மாரெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஒருத்தி, கல் உடைக்கப் போகிறவள், கையெல்லாம் வெடிப்பு. இரண்டு பஸ் மாறி வந்தாளாம். மகனை எட்டிப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதை யார்கிட்ட சொல்லி வாங்கினாங்க?" என்றாள்.

என் தம்பி அங்கே இருக்கிறான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "மன்றத்துல எல்லார்கிட்டயும் கேட்டாங்களாம். ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லலியாம்," என்றேன்.

"நம்ம பிள்ளைங்களுக்கா?"

"ஆமா."

அவள் மறுபடி எழுந்து மகனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கு அங்க யாரையும் தெரியாதேக்கா," என்றாள்.

நானும் அவளும் பள்ளி விடும்வரை அழுதுகொண்டிருந்தோம்.

அக்கா